ஆறு வருடம், ஒரே குக்கீ அளவு

ஆறு வருடமாக ஒரே அளவில்தான் சாக்லேட் சிப் குக்கீ செய்கிறேன். வெண்ணெய் 225 கிராம், வெள்ளைச் சர்க்கரை 150, பிரவுன் சுகர் 150, முட்டை 2, மைதா 280, சாக்லேட் 300, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். 1930களில் அமெரிக்காவின் டோல் ஹவுஸ் விடுதியில் ரூத் வேக்ஃபீல்ட் உருவாக்கிய குக்கீயின் அளவும் கிட்டத்தட்ட இதேதான். அளவு அப்படியே இருக்க, குக்கீ மட்டும் அடியோடு மாறிவிட்டது. எல்லாம் சூடு செய்த வேலை.

முதல் வருடம் ஓவனைத் திறந்தாலே வயிறு எரியும். உருண்டைகள் வழிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் கருகிய ஒரே தகடாகக் கிடக்கும். மைதா போதவில்லையோ என்று ஒரு கை கூடப் போட்டேன். வறண்டு, தொண்டையில் இறங்கவில்லை. தப்பு வெண்ணெயில் இருந்தது. அவசரத்துக்கு மைக்ரோவேவில் இளக்கிவிடுவேன். உருகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், எண்ணெய் மினுமினுக்கக் கூடாது. அதுதான் பதம்.

ஓவனும் ஏமாற்றியது. 180 டிகிரி வைத்துவிட்டு உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தால் 205! இத்தனை வருடத்தில் இதற்காக வாங்கியவற்றில் மிக உருப்படியான பொருள் அந்தச் சின்னத் தெர்மாமீட்டர்தான்.

பிசைந்த மாவை ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் மூடி வைக்கிறேன். வெண்ணெய் இறுகுவதால் பரவாது, மைதாவும் முட்டையின் ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். சுடும்போது வரும் கேரமல் மணமே வேறு.

எடுக்கும் நேரம்தான் எனக்குப் படியவே நாளானது. பதினோராவது நிமிடம் ஓரம் பொன்னிறமாக இருக்கும், நடுவில் ஈரப் பளபளப்பு போயிருக்காது, தொட்டால் அமுங்கும். வேகவில்லை என்றே தோன்றும். அப்போதே எடுத்துவிட வேண்டும். டிரேயின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் மீதி வெந்து, நடு லேசாக உள்வாங்கி, மேலே வரிவரியாக வெடிக்கும்.

சிப்ஸை இப்போது விட்டுவிட்டேன். அது சூட்டிலும் உருவம் குலையாமல் நிற்கிறது. 60 சதவீத டார்க் சாக்லேட் கட்டியைக் கத்தியால் நறுக்கிப் போட்டால் அங்கங்கே குளம்போல் உருகி நிற்கும்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. டப்பாவில் போட்ட மறுநாளே ஓரத்து மொறுமொறுப்பு போய்விடுகிறது. அதனால் ஒரு தடவைக்கு ஆறுதான் சுடுகிறேன். மீதி உருண்டைகள் ஃபிரீசரில். உறைந்தபடியே ஓவனில் வைத்து, இரண்டு நிமிடம் கூட விட்டால் போதும்.