வழிகாட்டி பிரமாதம், கூடாரம்தான் சொதப்பல்

முதுகுப்பையோடு மலைக்காட்டில் நடந்து, இரவில் கூடாரத்தில் தங்கும் பயணம். இலையுதிர்காலம் என்பதால் கொசுத்தொல்லை இல்லை, கூட்டமும் குறைவு. ஆனால் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். வழிகாட்டி அதைக் கணக்குப் பண்ணியே நடத்தினார். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டு, சமையலையும் முடித்துவிடுவோம்.

கிளம்பும் முன் எல்லோருடைய பையையும் கொட்டச் சொல்லிப் பார்த்தார். பருத்தி உடைகளை ஓரம் கட்டினார்: நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். இரவில் தண்ணீர் வடிகட்டியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே இருக்கும் நுண்குழாய்களில் தண்ணீர் உறைந்தால் விரிசல் விடலாம், வெளியே பார்த்தால் தெரியாது. அப்புறம் அதை நம்பிக் குடிக்க முடியுமா? இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

நிறுவனம் கொடுத்த கூடாரம்தான் எரிச்சல். காற்றோட்டமே இல்லை. விடிவதற்குள் உள்பக்கமெல்லாம் நீர் கோத்து முகத்தில் சொட்டியது, தூக்கப்பையின் கால்பக்கம் ஈரம். இறகு வைத்த பை நனைந்தால் கதகதப்பு போச்சு. ஜிப் வேறு பாதியில் சிக்கிக்கொண்டது. நல்ல கூடாரம் வைத்திருப்பவர்கள் அதையே தூக்கிச் செல்லுங்கள். கட்டணத்தில் குறைப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.