டயர் தட்டுப்பாட்டில் "புது டயர் இருக்கு" என்று யாராவது கூப்பிட்டால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ராசிபுரத்தில் ஒரே ஒரு பத்து சக்கர லாரி வைத்திருக்கிறேன். 2015 மாடல். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி புனேவில் இறக்குவோம், திரும்பும்போது வெங்காய லோடு கிடைத்தால் ஏற்றுவோம். 2021 பிப்ரவரி கடைசியில் சித்ரதுர்காவைத் தாண்டும்போது டிரைவர் பக்கத்து முன் டயர் வெடித்து, வண்டி டிவைடரில் ஏறி நின்றது. ஓட்டிய தம்பிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வேகம் ஐம்பதுக்குள் இருந்ததால் உயிர் பிழைத்தான். வெடித்தது மூன்று மாதம் முன்பு நான் "புதுசு" என்று நம்பி வாங்கிய டயர்.

என்னைப் போல ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பத்து வண்டி, இருபது வண்டி வைத்திருப்பவர்களுக்கு டயர் கம்பெனி ஆள் வீட்டுக்கே வருவார். நாம்தான் கடை கடையாக ஏறி இறங்குகிறோம்.

2020 மார்ச் 25 ஊரடங்கில் வண்டிகள் நின்றன, டயர் ஃபேக்டரிகளும் நின்றன. அந்த ஜூன் 12-ஆம் தேதி மத்திய அரசு லாரி, பஸ், கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, அனுமதி வாங்கினால்தான் கொண்டுவரலாம் என்று ஆக்கியது. கையில் காசு குறைவாக இருக்கும்போது நாம் போட்டு ஓட்டிய சீன ரேடியல் டயர் அதோடு கடைகளில் அரிதாகிவிட்டது. தீபாவளி லோடு தொடங்கியதும், மாதக்கணக்கில் நிறுத்தியிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டயர் தேவைப்பட்டது.

நான் வழக்கமாக வாங்கும் டீலர் நேர்மையானவர். "மூணு வாரம் ஆகும்ங்கண்ணா. அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க, வந்ததும் கூப்பிடறேன்" என்றார். எனக்கோ லோடு பேசி முடித்தாகிவிட்டது, வண்டித் தவணை வேறு இரண்டு மாதம் பாக்கி. முன் டயர் இரண்டும் மொட்டையாகும் நிலையில் இருந்தன.

நாமக்கல்லில் ஒரு கடையில் 9.00 R20 அளவு டயரைக் காட்டி, "உங்களுதும் இருபது இஞ்ச் ரிம்தானே, உக்காந்துக்கும்" என்றார்கள். டயரில் 141 என்று போட்டிருந்தது. அந்த எண்ணுக்கு ஒரு டயர் 2,575 கிலோ தாங்கும் என்று அர்த்தம். என் வண்டிக்கு முன் ஆக்சில் பாரம் 6 டன், ஒரு டயருக்கு 3,000 கிலோ வருகிறது. அதற்கு 146 வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவ்வளவு பார்க்கத் தெரிந்தவன்தான் அடுத்த கடையில் ஏமாந்தேன்.

அந்த அடுத்த கடை ஒரு புரோக்கர் மூலம் வந்தது. "இறக்குமதி நிக்கறதுக்கு முன்னால வந்த பழைய ஸ்டாக் அண்ணா, ரெண்டே ரெண்டு இருக்கு, இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க" என்று போனில் சொன்னார். போய்ப் பார்த்தேன். கருகருவென்று பளபளப்பாக இருந்தன, பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், ஆழமாகத் தெரிந்தது. ஒன்று 18,500 என்றார்கள். பணத்துக்கு பேங்க் போய் வரச் சொல்லி, "அதுக்குள்ள நாங்க மாட்டி வச்சிடறோம், நீங்க வந்ததும் கிளம்பிடலாம்" என்றார்கள். அது எனக்குச் செய்யும் உதவி என்றே நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது இரண்டு டயரும் வண்டியில் ஏறியிருந்தன.

பில் கேட்டேன். "பில் வேணும்னா 28 பர்சன்ட் ஜி.எஸ்.டி. சேத்துக் குடுங்க" என்றார்கள். வெள்ளைத் தாளில் "டயர் 2, ரூ.37,000" என்று எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். கம்பெனி பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை.

டயர் தயாரான தேதி டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2419 என்றால் 2019-ஆம் வருடம் 24-ஆவது வாரம். இது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் பல டயர்களில் அந்த முழு வரிசை ஒரு பக்கத்துச் சுவரில் மட்டும்தான் இருக்கும், மறுபக்கம் தேதி இல்லாமல் பாதியோடு நின்றுவிடும். என் இரண்டு டயரிலும் தேதி இருந்த பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டியிருந்தார்கள். வெளிப்பக்கம் குனிந்து பார்த்தேன், தேதி இல்லை. "சில டயருக்கு இருக்காதுங்க" என்றார்கள். வண்டிக்கு அடியில் படுத்து உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அன்று பார்க்கவில்லை. தம்பியின் கட்டுப்போட்ட கையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது.

வெடித்த டயரைக் கழற்றிய ஹிரியூர் கடைக்காரர் தமிழ் பேசுவார், ரீட்ரேடு (தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை போடும்) பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். உள்பக்கச் சுவரைத் துணியால் துடைத்துக் காட்டினார். 2412. எட்டரை வருடப் பழைய டயரை எனக்கு விற்றிருக்கிறார்கள். வயது மட்டுமல்ல, அது ஓடித் தேய்ந்த டயர். பட்டன்களுக்கு நடுவே ஓடும் காடியைச் சூடான கத்தியால் திரும்ப ஆழமாக வெட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் காட்டினார்.

டயரின் காடிக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அதுவரை வந்தால் டயரை மாற்ற வேண்டும் என்பதற்கான அடையாளம். கத்தி போட்டு வெட்டும்போது அந்த மேடும் சேர்ந்து போய்விடும். என் டயரில் ஒரு மேடுகூட இல்லை. காடியின் அடி, அச்சில் வார்த்தது போல் வழவழப்பாக இல்லாமல் வெட்டுத் தடத்தோடு இருந்தது. ஓரிடத்தில் ரப்பர் மெலிந்து, உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி தெரிகிற அளவுக்கு வந்திருந்தது. தின்னரில் நனைத்த துணியை வைத்துத் தேய்த்தார். பெயிண்ட் கையோடு வந்தது, அதற்குக் கீழே சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு. மற்ற முன் டயரையும் கழற்றச் சொன்னேன். அதுவும் 2012-ஆம் வருட டயர்.

பின் டயர் கதையும் இருக்கிறது. முன் டயர் வாங்கிய அதே நவம்பரில் நான்கு கேசிங்கை, அதாவது பட்டை தேய்ந்த டயர் உடலை, ரீட்ரேடுக்குக் கொடுத்தேன். என் வழக்கமான பட்டறையில் வரிசை நீண்டிருந்ததால் வேறு இடத்தில் கொடுத்தேன். நான்கும் 2018-ல் புதிதாக வாங்கியவை, ஒரே கம்பெனி, ஒரு முறைகூட ரீட்ரேடு ஆகாதவை. திரும்பி வந்ததில் இரண்டில் வேறு கம்பெனி பெயர். கேட்டதற்கு, "மாறிப் போச்சுங்கண்ணா, இதுவும் நல்ல கேசிங்தான், நான் கேரண்டி" என்றார். லோடு காத்திருந்தது, மாட்டிவிட்டேன். ஆறாவது வாரத்தில் தும்கூர் பக்கம் ஒரு டயரின் பட்டை மொத்தமாக உரிந்து ரோட்டில் கிடந்தது. உரிந்த இடத்தைப் பார்த்தால் அது ஏற்கெனவே பட்டை போட்ட கேசிங். என் நல்ல கேசிங் வேறு யாருக்கோ நல்ல விலைக்குப் போயிருக்கிறது. பின்னால் ஜோடியாக ஓடும் இரட்டை டயரில் ஒன்று உயரம் கூடி, மற்றது குறைந்து இருந்தால் பாரம் முழுக்க உயரமான டயர் மேல் உட்காரும், அது சூடாகிப் போகும். வேறு கம்பெனி கேசிங்கை ஜோடி சேர்த்தால் இந்த வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். டேப் வைத்துச் சுற்றளவு அளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, அன்று நான் அளக்கவில்லை.

இரண்டு இடத்துக்கும் போய்க் கேட்டேன். டயர் கடையில், "நான் வித்த டயர்தான்னு எப்படிச் சொல்றீங்க, நம்பர் இருக்கா?" என்றார்கள். வெள்ளைத் தாளை நீட்டினேன், அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பட்டறைக்காரர் போனையே எடுப்பதில்லை. எங்கள் ஊர் வக்கீல் ஒருவர், பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்கிறவர் வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் வழி உண்டு என்றார். ஆனால் பில்லும் சீரியல் நம்பரும் இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது என்றும் கேட்டார். 28 சதவீதம் மிச்சம் பிடித்ததாக நினைத்தேன். வண்டி வேலை, கிரேன், ஆஸ்பத்திரி, நனைந்துபோன ஜவ்வரிசி மூட்டைக்கு நஷ்டம் எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. டீலர் சொன்ன மூன்று வாரம் வண்டியை நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு மாதத் தவணைதான் போயிருக்கும்.

டயர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பின்னால் ஓடும் ஒரிஜினல் டயர்களில் வயது குறைந்த, பட்டன் நன்றாக உள்ள இரண்டை முன்னால் கொண்டுவாருங்கள். ரீட்ரேடு டயரைப் பின்னால் மட்டும் போடுங்கள், எவ்வளவு அவசரமானாலும் முன்னால் வேண்டாம். கேசிங் கொடுக்கும் முன் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் கேசிங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். புது டயரை ரிம்மில் ஏற்றும் முன் தரையில் போட்டு இரண்டு சுவரையும் படியுங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருகிறார் என்றால் வரட்டும், அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

மாறிப்போன என் இரண்டு கேசிங்குக்கும் என்னிடம் நம்பர் இல்லை. ஓர் அடையாளம் மட்டும் சொல்ல முடியும். ஒன்றில் உள்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஒரு வல்கனைசிங் பேட்ச் இருக்கும், பக்கத்தில் பட்டறைக்காரர் மஞ்சள் சாக்பீஸால் போட்ட வட்டமும் இருந்தது. சேலம், நாமக்கல் பக்கம் யாராவது பழைய கேசிங் வாங்கிப் பிரித்துப் பார்க்கும்போது அது கண்ணில் பட்டால், எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.