தெளிந்த பாட்டிலா, மஞ்சள் பாட்டிலா: விழுங்கிய வெள்ளி எங்கே போகிறது?

நண்பர் ஒருவர் போன மாதம் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். இரண்டின் மேலும் 'கூழ்ம வெள்ளி' (நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்) என்றுதான் எழுதியிருந்தது. ஒன்று தண்ணீர் மாதிரி தெளிவு. மற்றது பால் விடாத இளந்தேநீரின் நிறம். "இதுல எது உடம்புல தங்காம வெளியே போயிடும்?" என்று கேட்டார்.

எதற்குக் குடிக்கிறார் என்றால், சளிக்கு, எதிர்ப்புச் சக்திக்கு, பொதுவாக எல்லாவற்றுக்கும். அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் விற்கும் வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அவர் கேட்டது வேறு, அது நல்ல கேள்வியும்கூட.

முதலில் ஒரு சிட்டிகை உப்பு. தெளிந்த பாட்டிலிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி உப்பைப் போட்டேன். சில நொடிகளில் அரிசி கழுவிய நீர்போல லேசாக வெளுத்தது. கரைந்த வெள்ளி உப்பிலிருக்கும் குளோரைடோடு சேர்ந்து உண்டான சில்வர் குளோரைடு அது. அதாவது அந்தப் பாட்டிலில் இருப்பதில் பெரும்பங்கு கூழ்மமே இல்லை, நீரில் கரைந்த வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற தனித்தனி வெள்ளி அணுக்கள். மஞ்சள் பாட்டிலில்தான் உண்மையான நானோ துகள்கள். அந்த நிறமே துகள்கள் ஒளியோடு விளையாடுவதால் வருவது. மூன்றாவதாக, புரதத்தோடு பிணைத்த வெள்ளி என்று பழைய சரக்கு ஒன்று உண்டு. ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற அமெரிக்கர் 'ஆர்ஜிரால்' என்ற பெயரில் அதை விற்றுச் சேர்த்த பணத்தில்தான் பிலடெல்பியாவில் ஓர் அற்புதமான ஓவியச் சேகரிப்பு உருவானது. அந்த வெள்ளியால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதானோ என்று எனக்குத் தோன்றும்.

விற்பவர்கள் சண்டையைக் கேட்டால் சிரிப்பு வரும். துகள் விற்பவர், "அயனி வயிற்றில் குளோரைடாகி வீணாகிவிடும், தங்கியும் தொலைக்கும், எங்கள் துகள் அப்படியே வெளியேறிவிடும்" என்பார். அயனி விற்பவர், "துகள்தான் உடம்பில் மாட்டிக்கொள்ளும், எங்களுடையது கரைந்தது, சிறுநீரில் போய்விடும்" என்பார்.

வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்தால் இருவர் கட்சியும் ஆட்டம் காண்கிறது. உள்ளே போன அயனி உடனே குளோரைடோடும், உணவுப் புரதங்களில் இருக்கும் கந்தகத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிணைப்பிலிருந்து ஒரு பகுதி குடல் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. துகளோ, இரைப்பை அமிலத்தில் மேற்பரப்பிலிருந்து கரைந்து அயனியை விடுகிறது. 2012-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினர் இந்தப் பாதையை விரிவாகக் காட்டினார்கள்: துகளாகப் போன வெள்ளியும் பெரும்பாலும் அயனியாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. அதே ஆண்டு வெளியான நெதர்லாந்து எலி ஆய்வு இன்னும் வேடிக்கை. துகளே இல்லாமல், கரைந்து அயனி தரும் சில்வர் நைட்ரேட் மட்டும் கொடுத்த எலிகளின் உடம்புக்குள்ளும் வெள்ளி நானோ துகள்கள் தென்பட்டன! துகள் அயனியாகிறது, அயனி துகளாகிறது. பாட்டிலின் மேல் எழுதியதை உடம்பு படிப்பதில்லை.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? உண்டு. எலி ஆய்வுகளில், எடைக்கு எடை, அயனியாகக் கொடுத்தபோது உறுப்புகளில் ஏறியது அதிகம். துகளாகக் கொடுத்தபோது மலத்தோடு போனது அதிகம். அந்த அளவுக்கு மஞ்சள் பாட்டிலுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். மனிதர்களில் விழுங்கிய வெள்ளியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஏற்கெனவே தோல் நிறம் மாறியிருந்த ஒரு பெண்ணின் உடலில் 18 சதவீதம் தங்கியதாகப் பதிவு இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும்.

இங்கே நண்பர் மடக்கினார்: "அப்போ முந்திரி கத்லி மேல ஒட்டுற வெள்ளித்தாள்?" சரியான கேள்வி. நம் நாட்டு விதிப்படி அந்தத் தாள் சதுர மீட்டருக்கு 2.8 கிராம் வரை இருக்கலாம். ஒரு கத்லியின் மேற்பரப்பு 9 சதுர சென்டிமீட்டர் என்றால் சுமார் 2.5 மில்லிகிராம். பத்து பிபிஎம் (லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்) திரவம் 15 மில்லியில் இருப்பதோ 0.15 மில்லிகிராம்தான். கத்லியில் பதினாறு மடங்குக்கும் மேல்! ஆனால் கரைவது மேற்பரப்பில்தானே. அந்தக் கனத்தில் ஒரு கிராம் வெள்ளித்தாளுக்கு இருபுறமும் சேர்த்து முக்கால் சதுர மீட்டர்கூட வராது. பத்து நானோமீட்டர் துகள்களாக உடைத்தால் அதே கிராம் 57 சதுர மீட்டர். அதனால் தாளில் கரைவது மிகக் குறைவு, பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். தீபாவளிக்கு நாலு துண்டு தின்பதும் தினமும் கரண்டி கரண்டியாகக் குடிப்பதும் ஒன்றில்லை.

வெளியேறும் வழிக்கு வருவோம். ஏறாத வெள்ளி இரண்டொரு நாளில் மலத்தோடு போகிறது. ஏறிய வெள்ளியைக் கல்லீரல் பிடித்து, பித்தநீர் வழியாகத் திரும்பவும் குடலில் கொட்டுகிறது. சிறுநீரில் போவது சொற்பம். ஆகவே "நிறையத் தண்ணீர் குடி, வெள்ளி கழுவிக்கொண்டு போகும்" என்ற அறிவுரைக்கு அர்த்தமே இல்லை. விபத்தாக வெள்ளித் தூசியைச் சுவாசித்த ஒருவரின் கல்லீரலில் பாதி குறைய சுமார் ஐம்பது நாள் ஆனது. மேலே சொன்ன நெதர்லாந்து எலிகளில், நிறுத்தி எட்டு வாரம் கழித்து மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தெளிந்தன. மூளையிலும் விரைகளிலும் மட்டும் வெள்ளி போகவில்லை, எந்த வடிவில் கொடுத்திருந்தாலும்.

தோலின் கதை தனி. கல்லூரி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் பட்ட விரல் மறுநாள் கறுத்துக் கிடந்தது நினைவிருக்கிறதா? அதே வேலைதான். தோலுக்கு அருகே வந்த வெள்ளி வெளிச்சத்தில் உலோகமாகி, பிறகு கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து கரையாத துகளாக உட்கார்ந்துவிடுகிறது. தோல் நீலச் சாம்பலாகும். ஆர்ஜிரியா என்று பெயர். அமெரிக்காவின் மான்டானா மாநில அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், 2000 பிறக்கும்போது கணினிகள் குழம்பி ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து வீட்டிலேயே தயாரித்துக் குடித்தார். உலகம் எப்போதும்போல ஓடியது, அவர் முகம்தான் நீலமானது. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இதற்கு உதவுவதில்லை. லேசரால் சிலருக்கு நிறம் குறைந்திருக்கிறது.

வாய் வழியே போகும் வெள்ளிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வரம்பு, உடம்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.005 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 0.3. மஞ்சள் பாட்டிலில் 32 பிபிஎம் என்று போட்டிருந்தது. 15 மில்லி குடித்தால் 0.48, வரம்பைத் தாண்டியாயிற்று. தெளிந்த பாட்டிலில் அளவே போடவில்லை. நண்பர் தைராய்டு மாத்திரை வேறு சாப்பிடுகிறார்; வெள்ளி அது குடலில் ஏறுவதையும் தடுக்கலாம் என்று சொன்னேன்.

இரண்டையும் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். தெளிந்ததை உடனே கொடுத்துவிட்டார். மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டாயிரம் ரூபாய் ஆச்சே" என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.