ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: கடையா, வீடா?

போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலை எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் எழவில்லை. பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்கிறது. தம்பியின் மளிகைக் கடைக்கான நான்கு வருட டேலி கணக்கு அதில்தான் இருந்தது. சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போகலாம், சந்தேகப்படும் பாகத்தைப் புதிதாக வாங்கி மாட்டலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாம். நான் கழற்றினேன். மறுபடி இப்படி ஆனாலும் முதலில் அதைத்தான் செய்வேன்.

கடையின் பலம் தெரிந்ததுதான்: மாற்றிப் பார்க்க உதிரி பாகம் இருக்கும், கை பழகியிருக்கும். என்னைத் தடுத்தது போனில் வந்த பதில். "ஓ.எஸ். போயிருக்கும் சார், கொண்டு வாங்க, ஃபார்மட் அடிச்சுத் தரேன்."

இங்கேதான் எல்லாரும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பேன். அவர் சொன்ன ஓ.எஸ்., அதாவது விண்டோஸ், இருப்பது டிஸ்க்கில். பட்டனை அழுத்தியதும் முதலில் வேலை செய்வது மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சின்ன புரோகிராம். பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே எல்லாம் சரியா என்று பார்த்த பிறகுதான் அது டிஸ்க்கில் விண்டோஸைத் தேடப் போகும். கம்பெனி லோகோகூட வராமல் திரை கறுப்பாகவே இருந்தால், பெரும்பாலும் ஆட்டம் விண்டோஸ் வரை போகவே இல்லை. அப்படி இருக்க ஃபார்மட் அடித்து என்ன ஆகப்போகிறது? டேட்டாதான் போகும்.

உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. ஒரு நிமிடம் விட்டு கீபோர்டில் நம்லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மிஷின் உள்ளே உயிரோடு இருக்கிறது. மானிட்டர் கேபிளைப் பாருங்கள். எங்களுடையதில் விளக்கு அசையவில்லை. உடனே டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். நான்கு ஸ்க்ரூ, இரண்டு கேபிள், அவ்வளவுதான். கடைசியில் கடைக்கே போனாலும் டிஸ்க் இல்லாமல் கொடுங்கள். டிஸ்ப்ளே வரவழைக்க அவர்களுக்கு அது தேவையில்லை.

லோகோ வந்து அதற்கப்புறம் நின்றால் அது வேறு நோய். டிஸ்க், அதன் கேபிள், விண்டோஸ் மூன்றில் ஒன்று. அப்போதும் டேட்டாவைக் காப்பி எடுத்த பிறகுதான் ஃபார்மட் பேச்சு.

பாகம் வாங்கி மாற்றும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் முதலில் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் டப்பா, வாங்குகிறார்கள், கோளாறு அதில் இல்லையென்றால் பணம் முடங்கிவிடும். ரேமும் அப்படித்தான். டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமுக்கு 240 பின், அதற்கடுத்த டிடிஆர்4-க்கு 288. ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. அதே வகை பாகம் தெரிந்தவரிடம் இரவல் கிடைத்தால் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கழற்றும் வேலை இப்படி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கைவையுங்கள். பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் தவிர மற்றதை எடுத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டை எடுத்தால் மானிட்டரை போர்டில் மாட்ட வேண்டும். ஆனால் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அங்கே கார்டு இருக்கட்டும்.

எங்களிடம் இருந்தது இரண்டு 8 ஜிபி ரேம். ஒன்றை மட்டும் போட்டதும் லோகோ வந்தது, பிறகு டிஸ்க் இல்லை என்ற செய்தி. மற்றதைப் போட்டால் மறுபடி இருட்டு. அதன் தங்க நிற விளிம்பில் மங்கலாக ஒரு படலம். பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, ரப்பர் தூள் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. ஊதித் தள்ளிவிட்டு, இரு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். வந்துவிட்டது.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சிலர் சொல்வார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் வைப்பேன். பயாஸ் செட்டிங் அழிந்து, டிஸ்க்கைப் படிக்கும் முறை (டிஸ்க் மோடு) மாறி, அதனாலேயே விண்டோஸ் எழாமல் போகலாம். இன்னும் புதிய டிடிஆர்5 ரேம் போடும் போர்டில் நான் கைவைத்ததில்லை. அதில் ரேம் மாற்றிய பிறகு முதல்முறை எழவே சில நிமிடம் ஆகும் என்பதால், அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒவ்வொரு ரேமாகப் போட்டும் வரவில்லை, கருகிய வாடை அடிக்கிறது, போர்டில் குட்டி உருளையாக நிற்கும் கெபாசிட்டர் உப்பியிருக்கிறது என்றால் கடைதான் சரி. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மாலையில் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, முதல் வேலையாக டேலி பேக்கப்பை பென்டிரைவில் எடுத்து தம்பி கையில் கொடுத்துவிட்டேன்.