முட்டைக்கு மூன்று, வாக்குவாதத்துக்கு ஐந்து

மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் மூன்று மணித்தியாலம் கையில் மிஞ்சும். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல் வீண். காருக்குள்ளேயே குந்தியிருந்தால் நாரி பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் 2016 ஜூனில் லண்டனின் தென் ரைஸ்லிப்பில் உள்ள இந்தக் காலைச் சாப்பாட்டுக் கடைக்குள் முதல்முதலாக நுழைந்தேன். ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொசேஜைப் பற்றிக் கீழே எழுதப்போவதைப் பார்த்தால் முதலாளி மனம் நோவார், அப்புறம் சனிக்கிழமைகளில் எனக்குப் போக்கிடம் இருக்காது.

இங்கே 'காஃப்' என்று சொல்வார்களே, அந்த ரகம். நிலத்தோடு பூட்டிய மேசை கதிரைகள், தக்காளி சோஸ் போத்தலும் பிரவுன் சோஸ் போத்தலும், சத்தத்தை நிறுத்தி எழுத்து மட்டும் ஓடவிட்ட செய்தித் தொலைக்காட்சி, சுவரில் ஒரு கரும்பலகை. பலகையில் செட் ஒன்று முதல் ஆறு வரை. நான் எப்போதும் செட் இரண்டு: இரண்டு முட்டை, சொசேஜ், பேக்கன், பீன்ஸ், வாட்டிய பாண், தேத்தண்ணீர். முட்டை நன்றாக இருக்கும், ஓரம் முறுகி நடு இளகி. பீன்ஸ் வெறும் சீனிப்பாகு. சொசேஜ் பாதி நாள் ஆறிப்போய்த்தான் வரும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தேத்தண்ணீர் தடித்த கோப்பையில் செங்கல் நிறத்தில் வரும், அதில் ஒரு குறையும் இல்லை. முதல்நாள் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் கோவாவையும் பிசைந்து பொரிக்கும் 'பபுள் அண்ட் ஸ்குவீக்' சனிக்கிழமை மட்டும் உண்டு. பக்கத்தில் ஒரு கரண்டி சம்பல் இருந்தால் ஊர்ச் சாப்பாடாகிவிடும். புரட்டாதிச் சனிகளில் சைவச் செட் எடுப்பேன். அதே தாச்சியில்தான் பொரிக்கிறார்களா என்று நான் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

ஆனால் இங்கே யாரும் முட்டைக்காக வருவதில்லை.

நான் முதலில் போனது ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்புக்கு முந்திய கிழமை. யன்னலோரம் இருந்த, அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதரும், எதிரே சுவர் பூசுகிற தொழிலாளி ஒருவரும் மேசையில் குத்திக் குத்திக் கத்தினார்கள். கைகலப்பு வரும் என்று நினைத்து என் கோப்பையைத் தள்ளி வைத்தேன். பத்து நிமிடத்தில் ஒருவருக்கு மற்றவர் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். லண்டனில் வெளியேறுவோம் என்று வாக்களித்த மாநகரப் பகுதிகள் ஐந்தே ஐந்து, அதில் எங்கள் ஹிலிங்டனும் ஒன்று. 56 வீதம். பஸ்காரரும் பூச்சுக்காரரும் இருவருமே வெளியேறத்தான் வாக்களித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் எதற்குச் சண்டை? யாரை நம்பி வெளியேறுவது என்பதற்கு.

இந்த ஒன்பது வருடச் சண்டையும் அதே இடத்தில்தான் சுற்றுகிறது. எனக்கு அது விளங்க நெடுநாள் எடுத்தது. நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். யார் என்ன சொன்னாலும் கூட்டிப் பார்ப்பது என் வியாதி.

முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் 2015 முதல் 2023 வரை எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்றாவது ஓடுபாதை போட வந்தால் புல்டோசருக்கு முன்னால் படுப்பேன் என்றார். 2018 இல் நாடாளுமன்றத்தில் அது வாக்கெடுப்புக்கு வந்த அன்று அவர் ஆப்கானிஸ்தானில் இருந்தார். பஸ்காரர் இந்தக் கதையைக் குழப்படிப் பிள்ளையைப் பற்றித் தகப்பன் சொல்வதுபோலச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். இரவு வேலை முடிந்து ஆஸ்பத்திரிச் சீருடையோடு வரும் ஒரு தாதி மட்டும் சிரிப்பதில்லை. 2020 இல் கொரோனாக் கட்டுப்பாட்டால் தகப்பனின் செத்தவீட்டுக்குப் பத்துப் பேர்தான் போகமுடிந்ததாம். அந்தப் பேச்சு வந்தால் கடையே அடங்கிவிடும். அதே கட்டுப்பாட்டுக் காலத்தில் பிரதமரின் டவுனிங் தெருவில் நடந்த விருந்துகள் விவகாரத்தில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை கைக்கு வந்ததும் ஜோன்சன் பதவியை விட்டுப் போனபோது பஸ்காரர், "பாவம் அந்த மனிதன்" என்றார். அந்தத் தாதி மூன்று கிழமை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இடைத்தேர்தல் 2023 ஜூலை 20. கடைக்கு அதுதான் திருவிழாக் காலம். தலையில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் கவுண்ட் பின்ஃபேஸும் ஒரு வேட்பாளர். எங்கள் மேசைகளில் ஒரே பேச்சு, புகை கக்கும் பழைய வாகனங்களுக்கு தொழிற்கட்சியின் லண்டன் மேயர் சாதிக் கான் விதிக்கவிருந்த நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டணம். எல்லோரும் நாசமாய்ப் போகப்போவதாகக் குமுறினார்கள். என் வியாதி சும்மா இருக்குமா? கைபேசியை எடுத்து, அங்கிருந்த ஒவ்வொருவரின் வண்டி இலக்கத்தையும் கேட்டு அடித்துப் பார்த்தேன். ஆறு வண்டிகள். கட்டணம் விழுந்தது ஒன்றுக்கு மட்டும்: பூச்சுக்காரரின் 2013 டீசல் வான். மிகப் பெரிய சத்தம் போட்ட பஸ்காரரின் பெட்ரோல் கார் 2008, அதற்கு ஒரு சதமும் இல்லை. நல்ல செய்தி சொன்னதாக நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. ஜோன்சனின் கொன்சர்வேட்டிவ் கட்சி 495 வாக்கால் வென்றது. அவர் வாக்கும் அதில் ஒன்று.

சொசேஜ் ஆறுவதற்குக் காரணம் இதுதான். முதலாளி இடுக்கியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். துருக்கியிலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல். நிரந்தர வதிவிட உரிமை உண்டு, பிரித்தானியக் குடியுரிமை எடுக்கவில்லை, ஆகவே வாக்கு இல்லை. மூன்று வருடத்துக்கு முன் இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்த என் மாமியாருக்கோ வாக்காளர் அட்டை வீடு தேடி வந்தது. பொதுநலவாய நாட்டவருக்கு அந்த உரிமை இருக்கிறது. இதைச் சொன்னபோது முதலாளி, "போஸ், உங்கள் மாமியை இங்கே கூட்டி வாருங்கள், நான் சொல்லும் ஆளுக்குப் போடட்டும்" என்றார். மாமியார் யாருக்குப் போட்டார் என்பதை எனக்கே இன்னும் சொல்லவில்லை.

2024 தேர்தலில் இங்கே தொழிற்கட்சி 587 வாக்கால் வென்றது. பூச்சுக்காரர் அதற்குள் நைஜல் பராஜின் ரிஃபோர்ம் கட்சியின் பக்கம் போயிருந்தார். 2022 இல் பிரதமராயிருந்த லிஸ் ட்ரஸ்ஸின் வரவுசெலவுத் திட்டத்தால் வட்டி ஏறிய பிறகு வீட்டுக்கடனைப் புதுப்பிக்க நேர்ந்தவர், கொன்சர்வேட்டிவ் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஒருநாள் தட்டில் பீன்ஸை எண்ணி வைத்துக் கணக்குக் காட்டினார். ரிஃபோர்முக்கு 14 வீத வாக்கு, 5 ஆசனம். லிபரல் டெமோகிரட்டுக்கு 12 வீதம், 72 ஆசனம். தொழிற்கட்சிக்கு 34 வீதத்துக்கு 411. "இது எந்த ஊர் நியாயம்?" நியாயமான கேள்விதான். "2011 இல் வாக்களிக்கும் முறையை மாற்றலாமா என்று நாட்டிடமே கேட்டார்களே, நீ என்ன போட்டாய்?" என்று தாதி கேட்டார். கொஞ்சம் இழுத்து, "வேண்டாம் என்று" என்றார். எண்ணி வைத்த பீன்ஸைப் பஸ்காரர் ஒரே கரண்டியில் அள்ளிச் சாப்பிட்டுவிட்டார்.

நான் தோற்ற கதையையும் சொல்லவேண்டும். பஸ்காரர் இப்போது ஓய்வூதியர், வயது 71. 2024 இல் தொழிற்கட்சி அரசு குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை வெட்டியபோது அவருடைய 200 பவுண் போய்விட்டது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குப் போனது. நான் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: முழு அரச ஓய்வூதியம் கிழமைக்கு 221.20 இலிருந்து 230.25 ஆகிறது, வருடத்துக்கு 470 பவுண் கூடுகிறது, 200 போனாலும் 270 லாபம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ கணக்கைச் சொல்கிறாய், நான் ஆளைச் சொல்கிறேன். தேர்தலுக்கு முன் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

என்னிடம் பதில் இல்லை. புதிதாகப் பிரதமரான கெய்ர் ஸ்டார்மருக்கு உடுப்பும் மூக்குக்கண்ணாடியும் ஒரு பணக்காரப் பிரபு வாங்கிக் கொடுத்த செய்தி அதே காலத்தில்தான் வந்தது. மனிதர் தன் மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 2025 ஜூனில், வருட வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதாக அரசு அறிவித்துவிட்டது. அவருக்கும் கிடைக்கும். கோபம் மட்டும் குறையவில்லை. அவர் சொல்வது முழுக்கச் சரி என்று நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை. பொரிஸுக்கு ஒரு தராசு, ஸ்டார்மருக்கு ஒரு தராசு வைத்திருக்கிறார். அதைச் சொன்னால், "பொரிஸ் ஏமாற்றுவான் என்று தெரிந்துதானே போட்டேன்" என்கிறார். இதற்கு என்ன மறுமொழி சொல்வது?

போகிறவர்களுக்குச் சில விபரம். பத்து மணிக்கு முன் போனால் இருக்க இடம் உண்டு, பத்தரைக்குப் பிறகு சூடு பிடிக்கும். கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் இரண்டு வருடமாகப் பூட்டுவதில்லை. அட்டை எடுப்பார்கள், ஆனால் காசு கொடுத்தால் முகம் மலரும். உங்கள் ஊரைப் பற்றிக் கேட்பார்கள், கோபிக்க வேண்டாம். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். அது அங்கே எழுதாத சட்டம். சொல்வதென்றால் நீங்களாகச் சொல்லவேண்டும்.

போன சனிக்கிழமை முதலாளி கரும்பலகையில் செட் இரண்டின் விலையை அழித்து 9.80 என்று எழுதினார். நான் முதலில் போனபோது 5.20. இடையில் எத்தனையோ தடவை அழித்து எழுதியாயிற்று. லிஸ் ட்ரஸ் காலத்தில் மட்டும் மாறவில்லை, 49 நாளில் சோக்கட்டி எடுக்கவே நேரம் கிடைத்திருக்காது. தொழில்தருநர் கட்டும் தேசியக் காப்புறுதியை 2025 ஏப்ரலில் 15 வீதமாக்கிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ்தான் காரணம் என்றார் பூச்சுக்காரர். பிரெக்சிட் என்றார் தாதி. சாதிக் கான் என்றார் பஸ்காரர், எப்படி என்று விளக்கவில்லை.

முதலாளியின் கணக்கை ஒருமுறை காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அதற்கு ஒரு ஹாஷ் பிரவுன் கூடுதலாகக் கிடைத்தது. ஆகவே எனக்குத் தெரியும். சின்ன முதலாளிகளுக்கான காப்புறுதிச் சலுகையும் 5,000 இலிருந்து 10,500 ஆகிவிட்டதால் அவர் அந்த வகையில் ஒரு சதமும் கட்டுவதில்லை. கூடியது சம்பளம்: மணிக்கு 11.44 இலிருந்து 12.21. மூன்று வேலையாட்களுக்கும் சேர்த்துக் கிழமைக்கு ஐம்பது பவுணுக்கு மேல் வரும். மிச்சம் முட்டையும் எண்ணெயும்.

வாதாடிய மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுப்படி வாசலில் முதலாளி இடுக்கியோடு நின்றார். நான் பாணைப் பிய்த்து மஞ்சட்கருவில் தோய்த்துக்கொண்டு, "தெரியவில்லை" என்றேன்.