மைசூர் சாண்டல் சோப்பா, மெடிமிக்ஸ் சோப்பா?

தோற்றம்: முதல் உலகப் போரால் ஏற்றுமதி தடைபட்டுச் சந்தனக் கட்டைகள் தேங்கியபோது, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் 1916-இல் தொடங்கிய முயற்சியின் விளைவான மைசூர் சாண்டல், இன்றும் அரசு நிறுவனத்தின் தயாரிப்பாகவே நீடிப்பது போற்றத்தக்கது. மெடிமிக்ஸ், ரயில்வே மருத்துவர் வி. பி. சித்தன் 1969-இல் சென்னையில் தொடங்கியது.

மூலப்பொருள்: முன்னதில் அசல் சந்தன எண்ணெய், பின்னதில் 18 மூலிகைகள்.

விலை: சந்தன எண்ணெயின் அருமையால் முன்னது கூடுதல்.

மணம்: சந்தனம் மென்மையாகத் தங்கும், மூலிகை நெடி சிலருக்கு ஒவ்வாது.

எண்ணெய் வழியும் சருமத்தினர், நாள்தோறும் வியர்வையில் உழைப்போர் மெடிமிக்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். நறுமணத்தை விரும்புவோருக்கும் பரிசளிப்போருக்கும் மைசூர் சாண்டலையே பரிந்துரைப்பேன். வாசனைப் பொருள்களால் அரிப்பு ஏற்படுவோர் இரண்டையுமே மருத்துவரைக் கேட்ட பிறகு பயன்படுத்துவது நல்லது.