ஜனவரில ஐரோப்பா "விவசாயிகள் சந்திப்பு" டூருக்கு பணம் கட்டப் போறீங்களா, முதல்ல இத படிங்க

மாடு வச்சிருக்கவங்க, பசுமைக்குடில் போட்டிருக்கவங்க, வெளிநாட்டுல நம்மள மாதிரியே தொழில் பண்றவங்கள நேர்ல பாத்து நாலு விஷயம் கத்துக்கிட்டு வரணும்னு நெனக்கிறவங்க எல்லாருக்கும்தான் இந்தப் பதிவு. 2025 ஜனவரில பெர்லின் கிரீன் வீக் விவசாயக் கண்காட்சி, அப்புறம் நெதர்லாந்துன்னு ஒரு குரூப் டூர் போனோம். கூட வந்த எல்லாருமே விவசாயிங்கதான், பாதிப் பேரு பால் பண்ணை. பிரோஷர்ல பெர்லின சுத்தி இருக்குற பிராண்டன்பர்க் மாநிலத்துல மூணு பால் பண்ணையில விவசாயிகளோட நேரடி சந்திப்பு, கண்காட்சிக்கு டெலிகேட் பாஸ் (பிரதிநிதிகளுக்கான ஸ்பெஷல் பாஸ்), ஆல்ஸ்மீர் பூ ஏலம், டூலிப் வயல், வெஸ்ட்லாண்ட் கண்ணாடிக்குடில்னு கலர் கலரா போட்டிருந்தாங்க. கடைசில ஒரு பண்ணைக்குள்ள கூட நாங்க கால் வைக்கல.

என்ன ஆச்சுன்னா, நாங்க கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஜனவரி 10ஆம் தேதி, பெர்லின ஒட்டி இருக்குற ஹோனோவ்ங்கிற ஊர்ல ஒரு நீர் எருமைக் கூட்டத்துல கோமாரி உறுதியாச்சு. ஜெர்மனில 1988க்கு அப்புறம் அதுதான் முதல் தடவ. அந்த 14 எருமைல மூணு நோயிலயே செத்துப்போச்சு, மிச்சத்த அதிகாரிங்களே கொன்னுட்டாங்க. பிராண்டன்பர்க் முழுக்க 72 மணி நேரத்துக்கு மாடு ஆடு பன்னி எதையும் எடம் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு, பெர்லின் மிருகக்காட்சி சாலைய மூடிட்டாங்க, கிரீன் வீக்ல அந்த வருஷம் மாடு, ஆடு, பன்னி எதுவும் வராதுன்னு அறிவிச்சாச்சு. கோமாரின்னா என்னன்னு நமக்குத் தெரியும், வாயில புண்ணு, குளம்புல புண்ணு, பால் அப்படியே எறங்கிடும். நாம அதோடயே வாழ்ந்து பழகிட்டோம், அவங்களுக்கு அது வந்துச்சுன்னா ஏற்றுமதியே நின்னுடும், அதனால அங்க ஒரு பண்ணைக்காரர் அந்த நேரத்துல வெளியாள, அதுவும் கோமாரி இருக்குற நாட்டுலேர்ந்து ஃபிளைட்ல வந்து எறங்குனவன தொழுவத்துக்குள்ள விடுவாரா, விடவே மாட்டாரு, அது அவரு பக்கம் ரொம்ப சரி.

நோய் வந்ததுக்கு டூர்காரன நான் குத்தம் சொல்லல. அத மறச்சதுதான் துரோகம். எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் செய்தி லிங்க் போட்டு "இதனால பண்ணை விசிட்டுக்கு பிரச்சன வருமா"ன்னு நேரடியாவே கேட்டாரு. "எல்லா விசிட்டும் கன்ஃபார்ம், கவலப்படாதீங்க"ன்னு பதில், அதே நாள் பேலன்ஸ் பணத்தக் கட்டச் சொல்லி மெசேஜ். அப்பவே உள்ளத சொல்லிருந்தா பாதிப் பேரு தேதிய தள்ளிப் போட்டிருப்போம்.

பெர்லின்ல எறங்குன அப்புறம் தினம் ஒரு காரணம். பஸ் லேட்டு, பண்ணைக்காரருக்கு உடம்பு சரியில்ல, அப்புறம் பண்ணைக்குப் பதிலா ஒரு பெரிய அவுட்லெட் மால். ஒரு நாள் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு ஏதோ ஒரு கிராமத்துல ரோட்டோரமா பஸ்ஸ நிறுத்தி தூரத்துல தெரியிற ஒரு கொட்டகைய காட்டி ஃபோட்டோ எடுத்துக்கோங்கன்னாங்க. ஜனவரில அங்க காலையில எட்டு மணிக்குதான் வெளிச்சம், சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும், என்னத்த ஃபோட்டோ எடுக்குறது.

டெலிகேட் பாஸ் கதை இன்னும் மோசம். கிரீன் வீக் 1926லேர்ந்து நடக்குற கண்காட்சி, நல்ல கண்காட்சிதான், ஆனா அது பொதுமக்களுக்கு தெறந்து விட்டது, குடும்பத்தோட வந்து சீஸ் ருசி பாத்துட்டுப் போவாங்க. யாரு வேணா ஆன்லைன்ல டிக்கெட் வாங்கலாம். எங்க கையில குடுத்தது அதே சாதா ஒரு நாள் டிக்கெட், விலை அதுலயே அச்சடிச்சிருந்துச்சு, அதப் போல பல மடங்கு எங்ககிட்ட வாங்கிருக்காங்க. விசாவும் அப்படித்தான், ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து குடுக்குற ஷெங்கன் விசாவோட கட்டணம் 2024 ஜூன்லேர்ந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, எங்ககிட்ட "ப்ராசஸிங்"னு சொல்லி அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல.

அந்தக் கண்காட்சிலதான் உருப்படியான ஒரு சந்திப்பு, அதுவும் தானா அமைஞ்சது. பால் உற்பத்தி பத்தின ஸ்டால்ல ஒரு அம்மா நின்னாங்க, சொந்தப் பண்ணை வச்சிருக்கவங்க, எங்க கூட்டத்த பாத்து அவங்களே கூப்ட்டு பேசுனாங்க. ஃபோன்ல மொழிபெயர்ப்பு ஆப்ப வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் ஓடுச்சு. கன்னுக்குட்டிக்கு பஞ்சு வச்ச கோட்டு மாட்டி விட்டிருக்குற ஃபோட்டோ காட்டுனாங்க, குளிர்ல கன்னு உடம்ப சூடா வச்சுக்கவே நெறைய சத்த செலவு பண்ணும், அதனால பாலக் கூட்டிக் குடுப்போம், வைக்கோல கன்னு படுத்தா காலு மறையிற அளவுக்கு போடுவோம்னு குனிஞ்சு முட்டிய தொட்டுக் காட்டுனாங்க. அப்புறம் எந்தப் பண்ணைக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. எங்க ஷெட்யூல் பேப்பர நீட்டுனோம். அதுல "பால் பண்ணை 1, பால் பண்ணை 2, பால் பண்ணை 3"னுதான் இருந்துச்சு, ஊரும் இல்ல பேரும் இல்ல. அத ரெண்டு தடவ படிச்சுட்டு, இப்ப ஒருத்தரும் உள்ள விட மாட்டாங்க, யாராவது ஃபோன் பண்ணி கேட்டிருந்தா பத்தாம் தேதியே இத சொல்லிருப்பாங்கன்னாங்க. அதாவது யாரும் கேக்கவே இல்ல.

நெதர்லாந்து பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஆல்ஸ்மீர் ஏலத்துக்கு சனிக்கிழம கூட்டிட்டுப் போனாங்க. அது வார நாள்ல விடியக்காலையிலயே நடக்குற ஏலம், சனி ஞாயிறு கிடையாது. மூடுன கேட்ட பாத்துட்டு வந்தோம். டூலிப் வயலு ஜனவரில எங்கயும் பூக்காது, கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும், ஏப்ரல்லதான் வயலு நெறையும், டூலிப்புக்கு பேர்போன கியூகன்ஹாஃப் தோட்டமே மார்ச் 20 வாக்குலதான் தெறப்பாங்க. ஜனவரி மூணாவது சனிக்கிழம ஆம்ஸ்டர்டாம்ல டூலிப் தினம்னு ஒண்ணு உண்டு, ஜனங்க ஓசிலயே பூ பறிச்சுட்டுப் போகலாம், அதக் கூட இவங்க ப்ளான்ல சேக்கல. வெஸ்ட்லாண்ட் கண்ணாடிக்குடில பஸ் ஜன்னல் வழியாப் பாத்தோம். திரும்பி வந்து பணத்தக் கேட்டா, கோமாரி எங்க கையில இல்லன்னு பதில். சனிக்கிழம ஏலம் இல்லாததுக்கும் கோமாரிக்கும் என்ன சம்மந்தம்?

இத படிச்சுட்டு குளிர்காலத்துல போகவே கூடாதுன்னு நெனச்சிடாதீங்க. விவசாயிகள பாக்க அதுதான் நல்ல நேரம், அங்க வயல் வேல ஓஞ்சு அவங்களுக்கும் பேச நேரம் இருக்கும், மாடெல்லாம் தொழுவத்துல இருக்கும், கொட்டகைக் காத்தோட்டம், தீவனம், கன்னு பராமரிப்பு எல்லாத்தையும் ஒரே எடத்துல பாக்கலாம். வயல பாக்கணும்னாதான் அது தப்பான மாசம். அதனால ஜனவரி டூருக்கு பச்சப் புல்லுல மாடு மேயிற ஃபோட்டோவும் பூத்த டூலிப்பும் போட்டு பிரோஷர் வந்தா அங்கயே நிறுத்திக்கோங்க. நெஜமான சந்திப்புன்னா பண்ணை பேரு இருக்கும், அந்தப் பண்ணைக்காரர் "இந்தத் தேதி, இத்தன பேரு வாங்க"ன்னு எழுதுன மெயில் இருக்கும், கடைசியா எப்ப மாட்டத் தொட்டீங்க, என்ன செருப்பு போட்டு வருவீங்கன்னு அவங்களே கேள்வி கேட்டு அனுப்பிருப்பாங்க. கோழி, பன்னிப் பண்ணைன்னா இன்னும் கறார், பறவைக் காய்ச்சல் குளிர்லதான் அதிகம் பரவும், அப்ப வெளியாளுக்கு எடமே இல்ல. இந்த மாதிரி ஒரு கேள்வியும் உங்ககிட்ட யாரும் கேக்கலன்னா எந்தப் பண்ணையும் உங்களுக்காக காத்துட்டு இல்லன்னு அர்த்தம்.

பண்ணை விசிட்டுக்கான பணத்தையாவது திருப்பித் தரச் சொல்லி எல்லாரும் கையெழுத்து போட்டு எழுதிக் குடுத்துருக்கோம், இன்னும் பதில் இல்ல. ஆனா அடுத்த ஜனவரிக்கு அதே பிரோஷர் வருஷத்த மட்டும் மாத்தி மறுபடி சுத்துது. யாராச்சும் அட்வான்ஸ் குடுத்திருந்தீங்கன்னா விசாவுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அந்த மூணு பண்ணையோட பேரையும் மெயிலையும் கேளுங்க, ஒரு வாரத்துல தரலன்னா அட்வான்ஸ திருப்பிக் கேளுங்க. விசா ஃபீஸ் கட்டிட்டா அப்புறம் ரிஜெக்ட் ஆனாலும் அது திரும்ப வராது.